ரேடியேட்டரைக் கழற்றிய பின்: வால்வோடு மூடுவதா, குழாயை வெட்டுவதா, இணைத்துவிடுவதா?

சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைச் சுவரிலிருந்து இறக்கியதும் இரண்டு குழாய்கள் வாயைத் திறந்தபடி நிற்கும். வால்வுகளை அப்படியே வைத்து மூடி போடலாம், குழாயை வெட்டி அடைக்கலாம், அல்லது இரண்டையும் ஒரு துண்டுக் குழாயால் இணைக்கலாம்.

இணைப்பதை முதலிலேயே தள்ளிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இருப்பது இருகுழாய் அமைப்பு. போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் நடுவே ரேடியேட்டர்கள் ஏணிப்படி போல நிற்கும். ஒரு படியை எடுத்தால் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே வெறும் குழாயைப் போட்டால் அது தண்ணீருக்குக் குறுக்குவழி. சுடுநீர் அதிலேயே ஓடித் திரும்பிவிடும். தொலைவிலுள்ள ரேடியேட்டர் சூடேறாது, பாய்லர் அடிக்கடி அணைந்து எரியும். ஒரு ரேடியேட்டர் வழியாகவே அடுத்ததற்குத் தண்ணீர் போகும் பழைய தொடர் அமைப்பில் மட்டும்தான் இணைப்பு தேவை.

என் ஓட்டு வால்வோடு மூடுவதற்கே. மொத்தத் தண்ணீரையும் வடிக்க வேண்டாம், துரு தடுக்கும் திரவமும் வீணாகாது, ரேடியேட்டரைத் திரும்ப மாட்டுவதும் எளிது. லாக்‌ஷீல்டு வால்வை (ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீரின் அளவை நிர்ணயித்து வைக்கும் வால்வு) மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, ரேடியேட்டரின் பின்பக்கமே எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே அளவு திறந்தால் போதும்.

ஆனால் இந்த வழியின் தலையெழுத்தே மறுமுனையில், அறை வெப்பத்துக்கேற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வில்தான் இருக்கிறது. அதன் தலையைப் பனிக்குறிக்குத் திருப்பினால் மூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது மூடுவதல்ல. அறை வெப்பம் ஏறக்குறைய 6–8 டிகிரிக்கு இறங்கினால், குழாய் உறையாமல் காக்க அது தானே திறந்துகொள்ளும். பெயின்ட் காயட்டும் என்று குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்த அறையில், வாய் மூடாத வால்வு இரவில் திறந்தால் தரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். அதனால் தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றிவிட்டு, அதன் கீழே இருக்கும், அழுந்தினால் வால்வை மூடும் ஊசியை அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திருகுங்கள். அந்த பிளாஸ்டிக் மூடியையும் நெடுநாள் நம்பக் கூடாது. இரண்டு வால்வுகளின் வாயிலும் வாஷரோடு உலோக மூடி போடுங்கள். பொதுவாக 3/4 அங்குலத் திருகு பொருந்தும், வாங்குமுன் அளந்து பாருங்கள். இறுக்கும்போது வால்வின் உடம்பை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிட்டால் குழாய் முறுக்கிக்கொண்டு கீழ் இணைப்பு கசியும்.

பிறகு பிரஷர் மானியைக் கவனியுங்கள். ஆறிய நிலையில் 1–1.5 பார் இருக்க வேண்டும். நாளுக்கு நாள் இறங்கினால் மூடிகளைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். மாதக்கணக்கில் அழுத்தியே வைத்த ஊசி சிக்கிக்கொள்வதும் உண்டு. மாட்டிய ரேடியேட்டர் சூடேறாவிட்டால் ஊசியை மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள், எகிறி வர வேண்டும். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள்.

ரேடியேட்டர் இனி வரவே வராது என்றால் வெட்டுவது நியாயம், தரையும் சுத்தமாகிவிடும். ஆனால் முழுக்க வடித்து, திரும்ப நிரப்பி, கீழ்த்தளத்திலிருந்து மேலே ஒவ்வொரு ரேடியேட்டராகக் காற்றை வெளியேற்றி, துரு தடுப்புத் திரவத்தைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். வெட்டுவதானால் கிளை பிரியும் இடத்துக்கு ஒட்டியே வெட்டுங்கள். நீளமாக விட்ட முட்டுக்குழாயில் காற்றும் கசடும் தங்கும்.

எந்த வழியானாலும் ஒன்றைச் சரிபாருங்கள். கழற்றியதில் தெர்மோஸ்டாட் வால்வு இருந்ததா? குளியலறையிலோ நடைகூடத்திலோ அது இல்லாத ரேடியேட்டர் ஒன்று இருந்தால், பெரும்பாலும் அதுதான் பம்புக்கு எப்போதும் திறந்திருந்த வழி. அதை எடுத்தபின் மற்ற வால்வுகள் எல்லாம் மூடும் நேரத்தில் தண்ணீர் போக இடமின்றிக் குழாய் விசில் அடிக்கும், பாய்லர் சூடு மீறி நின்றுவிடும். இன்னொரு ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றி எப்போதும் திறந்து வைப்பது உடனடி நிவாரணம். மற்ற வழிகள் மூடும்போது தானே திறந்து தண்ணீருக்கு வழிவிடும் தானியங்கி பைபாஸ் வால்வு பொருத்துவது சரியான வேலை.