வால் கேமரா நேரலை என்று சொல்லி விற்கும் விமான டிக்கெட்: பணம் கட்டும் முன் படியுங்கள்

"விமானத்தின் வெளிக்காட்சி நேரலையாக, உங்கள் இருக்கைத் திரையிலேயே" என்ற விளம்பரத்தைப் பார்த்து டிக்கெட் வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. காலை நீட்ட வேண்டும், அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். ஜன்னலோர சீட் அவருக்குச் சரிவராது. ஆனால் விமானம் மேலேறுவதையும் இறங்குவதையும் பார்ப்பதில் அவருக்கு அத்தனை ஆசை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும் என்றுதான் வால் கேமரா, அதாவது வாலில் பொருத்திய கேமராவின் படம் இருக்கைத் திரையில் தெரியும் விமானமாகத் தேடினேன். டிக்கெட் விற்கும் தளம் ஒன்றில், ஏ350 விமானம், எல்லா இருக்கைகளிலும் வால் கேமரா நேரலை என்று படத்தோடு போட்டிருந்தார்கள். அதே வழித்தடத்தில் இதைவிடக் குறைந்த விலைக்கு வேறு டிக்கெட் இருந்தது. இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் பணம் கொடுத்தோம். பெரிய திரை உள்ள வரிசை என்று சொல்லி சீட்டுக்குத் தனியாக வேறு வாங்கினார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு, "உங்கள் இருக்கை எண் மாற்றப்பட்டுள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. விமானமே மாறிவிட்டது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

உள்ளே போய் உட்கார்ந்தால் பழைய விமானம். ஆனாலும் திரையில் "வெளிக்காட்சி" என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதைத் தொட்டார். வாலின் உச்சியிலிருந்து எடுத்த படம்: இரண்டு பக்கமும் விரிந்த இறக்கைகள், நல்ல வெயில், ஓடுபாதையில் விமானத்தின் நிழல்கூடத் தெளிவாக விழுகிறது. விமானம் வேகமெடுத்து மேலே எழும்பியது. எங்களைச் சுற்றி ஆட்கள் இன்னும் பையைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு.

"நாம இன்னும் கிளம்பவே இல்லையேப்பா?" என்று என்னைப் பார்த்தார். அதற்குள் திரையில் மேகம் வந்து, நிறுவனத்தின் முத்திரை வந்து, படம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது விளம்பரப் படம் சார். இந்த விமானத்தில் கேமரா கிடையாது" என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. தலைமைப் பணியாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, நேர்மையாகத்தான் பதில் சொன்னார். பதிவு செய்த படத்துக்கு "வெளிக்காட்சி" என்று பெயர் வைத்து, கேமராவே இல்லாத விமானத்தில் ஓட விட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

வந்து சேர்ந்ததும் புகார் கொடுத்தேன். டிக்கெட் தளம், "படம் மாதிரிக்காக மட்டுமே, விமான நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றது. நிறுவனம், "நாங்கள் அப்படி எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை, விற்றவர்களைக் கேளுங்கள்" என்றது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் சொன்னது இன்னும் மோசம்: "வைஃபை பேக் வாங்கியிருந்தால் நேரலை வந்திருக்கும்." இது சுத்தப் பொய். வால் கேமராவின் படம் விமானத்துக்குள்ளேயே ஓடும் கம்பி வழியாக இருக்கைத் திரைக்கு வருவது. அதற்கு இணையமே தேவையில்லை. வெளிக்காட்சி பார்க்க டேட்டா வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு கேமராவுக்கா இவ்வளவு என்று சிலர் கேட்டார்கள். இந்தக் கேமராக்கள் விளையாட்டுக்கு வந்தவை அல்ல. ஏர்பஸ் ஏ340-600, போயிங் 777-300ஈஆர் போன்ற விமானங்கள் 70 மீட்டருக்கும் மேல் நீளமானவை. அவற்றில் முன்சக்கரம் விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் வளைந்து திரும்பும்போது சக்கரம் எங்கே போகிறது என்று விமானிக்குத் தெரிய வேண்டும், அதற்காகக் கேமரா வைத்தார்கள். 2007-ல் பயணிகள் சேவைக்கு வந்த ஏ380-ல் வாலின் உச்சியிலிருந்து முழு விமானமும் தெரியும். 2010 நவம்பர் 4 அன்று ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டாஸின் 32-ம் எண் ஏ380 விமானம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் அதன் எஞ்சின் ஒன்று வெடித்துச் சிதறியது. அதில் பயணியாக வந்த அதே நிறுவனத்தின் விமானி ஒருவர், சேதத்தைப் பார்க்க விமானி அறையிலிருந்து வந்தவரிடம் இருக்கைத் திரையைக் காட்டினார். இடது இறக்கையிலிருந்து ஏதோ திரவம் ஒழுகுவது வால் கேமராவில் தெரிந்தது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை அறிக்கையிலேயே இது இருக்கிறது. பயணிகள் கையில் இருந்த அதே காட்சி.

இதற்கு மதிப்பு உண்டு என்று நிறுவனங்களுக்கும் நன்றாகத் தெரியும். 1970-களிலேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் டிசி-10 விமானங்களில் விமானி அறையிலிருந்து தெரியும் காட்சியைப் பயணிகளுக்குத் திரையில் காட்டியது. எமிரேட்ஸ் 2017-ல், 777 முதல் வகுப்பில் ஜன்னல் இல்லாத நடு அறைகளுக்குக் கேமராவின் படத்தையே ஜன்னலாக வைத்தது. விற்கும்போது அதைப் பெரிய வசதியாகக் காட்டுகிறவர்கள், கொடுக்காதபோது மட்டும் "அது வெறும் பொழுதுபோக்குதானே" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது விமான வகையின் குறியீட்டைப் பாருங்கள். 388 என்றால் ஏ380, 359 என்றால் ஏ350-900, 351 என்றால் ஏ350-1000, 77டபிள்யூ என்றால் 777-300ஈஆர். இதோடு விட்டுவிடாதீர்கள். ஒரே வகை விமானத்திலும் ஒரு நிறுவனம் காட்சியைப் பயணிகளுக்குக் கொடுக்கும், இன்னொன்று கொடுக்காது. அந்த நிறுவனத்தின் அதே வகை விமானத்தில் அண்மையில் போனவர்கள் எடுத்த படம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். காரணம் சொல்லாமல் சீட் எண் மாறினால் விமானம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே புக்கிங்கைத் திறந்து குறியீட்டை மறுபடி பாருங்கள். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில், பறக்கப்போகும் விமானத்தின் பதிவு எண்ணே பெரும்பாலும் புறப்படும் நாளில் தெரிந்துவிடும்.

கேமரா இருந்தும் காட்சி தெரியாமல் போவது உண்டு, அதை மோசடி என்று சொல்ல மாட்டேன். இரவில் ஓடுபாதை விளக்குகளைத் தவிர அதிகம் தெரியாது. மேகத்துக்குள் போனால் வெள்ளைதான். லென்ஸில் பனி படியலாம். பணியாளர்களே சில நேரம் நிறுத்தி வைப்பார்கள். இவற்றுக்குப் புகார் கொடுத்துப் பயன் இல்லை.

விமானத்தை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு, பொழுதுபோக்கு வசதிகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று டிக்கெட் நிபந்தனையில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் புகாருக்கும் அதையே எடுத்துக் காட்டினார்கள். ஆனால் தனிக் கட்டணம் வாங்கிய சீட்டைக் கொடுக்காததற்கு அவர்களிடம் பதில் இல்லை. விடாமல் எழுதிய பிறகு அந்தப் பணம் மட்டும் திரும்பி வந்தது. கேமரா என்று சொல்லி வாங்கிய டிக்கெட் வித்தியாசத்துக்குக் கார்டு கொடுத்த வங்கியில் முறையிட்டிருக்கிறேன். வங்கி முதலில் கேட்டது பணம் கட்டிய நேரத்தில் இருந்த விளம்பரத்தின் நகல். அந்தப் பக்கத்தில் இப்போது கேமரா வரியே இல்லை, எடுத்துவிட்டார்கள். நான் வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் கொடுக்க முடிந்தது. "வெளிக்காட்சி" கட்டத்தில் ஓடிய வெயில் படத்தையும், பக்கத்தில் இருட்டாகத் தெரிந்த ஜன்னலையும் ஒரே வீடியோவில் எடுத்திருந்தேன், அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. இதே மாதிரி நடந்தவர்கள் இருந்தால், இறங்குவதற்கு முன்பே திரையை வீடியோ எடுத்து, விமானத்தின் பதிவு எண்ணையும் குறித்துக்கொண்டு, விற்றவர், நிறுவனம் இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் எங்களைப் போல ஒருவர் மாற்றி ஒருவரிடம் அலைய வேண்டியிருக்கும்.