சித்தப்பா கூட சுத்துன தட்டு

இந்தத் தடவ ஊருக்கு வந்ததே சித்தப்பாவுக்குத் துணையா இருக்கத்தான். தொண்டைல கேன்சர், ரேடியேஷன் ட்ரீட்மென்ட், மொத்தம் 70 கிரே (கிரேங்கறது உடம்பு வாங்குற கதிரோட அளவு), தினம் 2 கிரே வீதம் 35 சிட்டிங், சனி ஞாயிறு லீவு, ஆக ஏழு வாரம். எனக்கு லீவு கிடைச்சது அஞ்சு வாரம்தான்.

முதல் நாள் வெளிய வந்ததும் கேட்டார், "ஏண்டா, மெஷின் தலைக்கு மேல சுத்துது சரி, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு நீட்டிக்கிட்டு கூடவே சுத்துதே, அது எதுக்கு?" டெக்னீஷியன் "இமேஜிங் சார்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார். மூணாவது நாள், கதிர் அளவ கணக்குப் போட்டு சரிபாக்குற ஃபிசிசிஸ்ட் மேடம் வராண்டால மாட்டுனாங்க, விடல.

அவங்க ஸ்கிரீன்லயே காட்டி சொன்னாங்க. அந்தத் தட்டுல மேல ஒரு மில்லிமீட்டர் செம்புத் தகடு, கீழ கதிர் பட்டா ஒளிர்ற காடோலினியம் பூச்சு, அந்த வெளிச்சத்த சிலிக்கான் சென்சார் பிடிச்சு படமாக்குது. ஆள் சரியா படுத்திருக்காரான்னு பாக்கத்தான் முதல்ல இதக் கொண்டு வந்தாங்களாம், இப்போ டோஸையும், அதாவது எவ்வளவு கதிர் போகுதுங்கறதையும், இதுலயே அளக்குறாங்க. ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கட்டில்ல ஆள் இல்லாம பிளான (எந்தப் பக்கமிருந்து எவ்வளவு கதிர்ங்கற திட்டத்த) முழுசா ஓட்டி, தட்டுல விழுந்ததையும் கம்ப்யூட்டர் போட்ட கணக்கையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்திருக்காங்க. டோஸ்ல 3 சதவீதம், இடத்துல 2 மில்லிமீட்டர் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம், 100ல 95 புள்ளியாவது தேறணும், தேறாத புள்ளி சிவப்பு. ஆனா தட்டு காட்டுறத அப்படியே எடுத்துக்க முடியாதாம், கம்மி எனர்ஜி கதிருக்கு அது கொஞ்சம் ஓவரா ரியாக்ட் பண்ணும், அதுக்குன்னு தனி திருத்தம் போடணுமாம்.

எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம் வந்ததுதான். சித்தப்பா உள்ள படுத்திருக்கும்போதே, அவர் உடம்ப ஊடுருவி வெளிய வர்ற கதிரையும் அதே தட்டு பிடிக்குது. நாலாவது வாரம் ஸ்கிரீன்ல கழுத்தோரம் நல்லா சிவந்திருந்துச்சு, தட்டுக்கு எதிர்பாத்தத விட ஜாஸ்தி கதிர் வந்திருக்கு, அதாவது நடுவுல தடுக்க வேண்டிய சதை குறைஞ்சிருச்சு. முழுங்க முடியாம ஆறு கிலோ இறங்கியிருந்தார், தலை அசையாம இருக்க மாட்டுற மாஸ்குக்குள்ள என் விரல் ஈசியா போச்சு. "தலை சாஞ்சிருந்தாலும் இப்படித்தான் காட்டும் சார், எதனாலன்னு தட்டு சொல்லாது"ன்னு மேடம் சொல்லிட்டு அன்னைக்கே மெஷின்லயே சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க, மெலிவுதான்னு உறுதியாச்சு. புது மாஸ்க், புது ஸ்கேன், புது பிளான், அத மறுபடி காலி கட்டில்ல ஓட்டிப் பாத்து எல்லாம் முடிய சில நாள் ஆச்சு, அது வரைக்கும் பழைய பிளான்லயே ஓடுச்சு.

கடுப்பானதும் உண்டு. ஒரு நாள் மூணு மணி நேரம் உக்கார வச்சிட்டு கவுண்டர்ல "மெஷின் பிராப்ளம்"னு மட்டும் சொன்னாங்க. பேஷன்ட்டுங்க பாதிப் பேர் மெஷின் வெடிச்சிரும்ங்கற ரேஞ்சுக்குப் பயந்துட்டாங்க. சாயங்காலம் விசாரிச்சா, காலைல செக் பண்ணும்போது தட்டு காட்டுற கதிர் அளவு சரியா நிக்கலயாம், சரி பண்ணாம ஆரம்பிக்க மாட்டோம்னு நிறுத்தியிருக்காங்க. நல்ல விஷயம்தானே, அத வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? ஃபைல்ல இந்த செக்கிங் ரிப்போர்ட் எதுவும் வைக்கல, கேட்டப்புறம்தான் பிரின்ட் போட்டுக் குடுத்தாங்க.

35வது சிட்டிங் அன்னைக்கு நான் திரும்பிப் போயிருந்தேன். போன்ல சித்தப்பா குரல் கரகரன்னு இருந்துச்சு, "தட்டு இன்னிக்கும் வந்துச்சுடா, சிவப்பா பச்சையான்னு கேக்க மறந்துட்டேன், நீ அந்த மேடத்துகிட்ட கேட்டுச் சொல்லு."