கவரிங் நகை: தினமும் போட்டால் எங்கே வெளுக்கும், எப்படிக் கழுவலாம்

பற்பசை போட்டுத் தேய்த்ததும் பழைய கவரிங் செயின் பளபளவென்று மின்னுவதாகக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். மின்னுவது உண்மைதான். ஆனால் மின்னுவது தங்க முலாம் இல்லை, முலாம் உரிந்தபின் வெளியே வந்த பித்தளை. புதிதாகத் தேய்த்த பித்தளையும் மஞ்சளாகத்தான் இருக்கும். வீடியோவில் வித்தியாசம் தெரியாது. சில நாள் வியர்வை பட்டதும் பழுப்பேறிவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் பழைய முலாம் நிறம் வராது. பேக்கிங் சோடா, விபூதி, பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் இதே கதைதான்.

கவரிங்கில் பெரும்பாலும் அடியில் செம்பு அல்லது பித்தளை, பலவற்றில் அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் தங்க முலாம், சிலவற்றில் கடைசியாக லேக்கர் என்னும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இருக்கும். முலாம் பல நகைகளில் 1 மைக்ரானைக்கூடத் தொடாது. தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. வியர்வை உப்பு அவற்றின் வழியே இறங்கிச் செம்பைப் பிடித்தால் வருவதுதான் பச்சைக் களிம்பு. ‘ஒரு கிராம் தங்க நகை’ என்ற பெயரை நம்பி உள்ளே அவ்வளவு தங்கம் இருப்பதாகவும் எண்ண வேண்டாம்.

தினமும் போட்டால் எல்லா இடமும் ஒரே சீராக வெளுப்பதில்லை. செயினில் முதலில் போவது கொக்கியும் பிடரியில் படும் பகுதியும். அங்கே வியர்வையும் உண்டு, வளையத்தோடு வளையம் உரசுவதும் உண்டு. முகப்பு முன்னால் புதுசு போலவே இருக்கும், திருப்பினால் கறுத்திருக்கும். மோதிரம்தான் படுமோசம். சோப்பு, சானிடைசர், பாத்திரம் கழுவுதல் எல்லாம் உள்ளங்கைப் பக்கத்தில்தான் படுகிறது, சானிடைசரில் உள்ள ஆல்கஹால் லேக்கரையும் கரைத்துவிடும். தினசரி உபயோகத்துக்குக் கவரிங் மோதிரம் வாங்குவது வீண் செலவு என்றே சொல்வோம். வளையலை நடுநடுவே கண்ணாடி வளையல் கலந்து அடுக்கினால் அழகுதான், ஆனால் கண்ணாடி தங்கத்தைவிடக் கடினம். ஓரங்களை அராவி எடுத்துவிடும். ஜிமிக்கியும் தோடும் நீண்ட காலம் தாங்குகின்றன. அவற்றில் கெடுவது தண்டும் திருகாணியும் மட்டும்.

காது அரித்தால் பெரும்பாலும் காரணம் நிக்கல். தண்டில் நிறமற்ற நெயில் பாலிஷ் பூசுவது வேலை செய்யும், ஆனால் தற்காலிகம். மெல்லியதாக இரண்டு பூச்சு, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். பூச்சு வெடித்துவிட்டால் அதன் அடியிலேயே வியர்வை தங்கும், அப்போது சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். காதில் நீர் வடிந்தால் அந்தத் தோட்டை மறந்துவிட்டு வெள்ளித் தண்டுக்கு மாறுவதே சரி.

கழுவுவதைவிடத் துடைப்பதுதான் நகையின் ஆயுளைக் கூட்டுகிறது. சென்ட், பவுடர், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் போட்டுக் காய்ந்த பிறகே நகை. கழற்றியதும், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த பழைய பருத்தித் துணியால் ஒருமுறை. வெறும் உலர்துணி எண்ணெயை எடுக்கும், உப்பை எடுக்காது. பிறகு அரை மணி நேரம் மின்விசிறிக் காற்று. தாலிச் செயினைக் குளிக்கும்போது கழற்றாதவர்கள் குளித்து முடித்ததும் கொக்கிப் பக்கத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும், பெரிய வித்தியாசம் தெரியும்.

எண்ணெய்ப்பிசுக்கு சேர்ந்தால் மட்டும் கழுவுங்கள். கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு 3, 4 சொட்டு. சின்னத் தோடு, திருகாணி எல்லாவற்றையும் டீ வடிகட்டியில் போட்டு அதோடு முக்கினால் தொலையாது. 2 நிமிடம், அதற்கு மேல் ஊற வேண்டாம். குழந்தைகளின் டூத்பிரஷால் செயின் இடுக்குகளை அழுத்தாமல் வருடிவிட்டு, நல்ல தண்ணீரில் இருமுறை அலசுங்கள். கடைசி அலசலுக்குக் குடிநீர்தான் நல்லது. உப்பான போர்வெல் நீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். வெயிலில் வைக்காமல் துணியில் ஒற்றிக் காற்றில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். பூந்திக்கொட்டை தங்க நகைக்கு அருமை, ஆனால் அந்த நீர் லேசான அமிலம், எனவே கவரிங்கை அதில் ஊறப்போட வேண்டாம். புளி, எலுமிச்சை முலாம் உள்ள எதற்கும் கூடாது. கல்லும் முலாமும் இல்லாத ஐம்பொன் வளையல், காப்பு என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம், மேலே உரிய ஒன்றுமில்லை.

கொக்கியில் களிம்பு கண்டால் 1 ஸ்பூன் வினிகரில் 2 ஸ்பூன் தண்ணீர் கலந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை மட்டும் தொட்டெடுத்து உடனே அலசிவிடுங்கள். அங்கே முலாம் ஏற்கெனவே போய்விட்டது. களிம்பு துணியில் படாமல் இருக்கத்தான் இந்த வேலை.

தண்ணீரில் முக்கவே கூடாதவையும் உண்டு. பின்பக்கம் மூடிய கல் வைத்த நகையில் கல்லுக்கு அடியில் பளபளப்புத் தாள் இருக்கும். நீர் புகுந்தால் அது கறுத்து, மேலிருந்து பார்க்கக் கல்லே செத்தது போலத் தெரியும், மீட்க முடியாது. ஏடி (அமெரிக்கன் டைமண்ட்) கல் நகையில் பின்பக்கம் திறந்திருந்தால் பயமின்றிக் கழுவலாம். அதன் மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பின்னால் படிந்த தலை எண்ணெயும் குங்குமமும்தான், ஆகவே பிரஷைப் பின்பக்கத்திலிருந்து போடுங்கள். நாகர்கோவில் வடசேரி பாணியில் செய்த கெம்பு நகைகளில் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும், வெந்நீர் பட்டால் இளகும். பரதநாட்டிய செட்டில் வியர்வையை அதிகம் குடிப்பது பின்னால் கட்டும் கயிறுதான். மேடை முடிந்ததும் கயிற்றை விரித்துக் காயவைக்காமல் டப்பாவில் மூடினால் கயிற்றின் ஈரமே உலோகத்தைக் கறுக்கவைக்கும். முத்துச் சரத்துக்கு ஈரத்துணி மட்டும். ஆக்ஸிடைஸ்டு நகையின் கறுப்பு வேண்டுமென்றே ஏற்றியது, அதை அழுக்கென்று தேய்த்துவிடாதீர்கள்.

வைக்கும்போது ஒரு நகைக்கு ஒரு ஜிப் கவர், காற்றை வெளியேற்றி, கூடவே சிலிக்கா ஜெல் பாக்கெட். செயினைக் கொக்கி மாட்டியே வையுங்கள், சிக்காது. கவர்களை ரப்பர் பேண்டால் கட்ட வேண்டாம். அதிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். சாக்பீஸ் வைப்பதென்றால் துணியில் சுற்றி வையுங்கள், தூள் கல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்துருண்டை போட்ட புடவைத் தட்டில் பிளாஸ்டிக் முத்து நகை வேண்டாம்.

கல் விழுந்தால் சட்டென்று ஒட்டும் சூப்பர் குளூ வகைப் பசையைத் தேடாதீர்கள். அதன் ஆவி சுற்றியுள்ள கற்களில் வெள்ளைப் புகையாகப் படியும். இரண்டு டியூபைக் கலக்கும் எபாக்ஸிதான் ஏற்றது. பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பல்குத்தும் குச்சி முனையில் கடுகளவு தொட்டுவைத்து, ஒரு நாள் அசையாமல் விடுங்கள்.

மறுபாலிஷ், அதாவது மறுபடி முலாம் போடுவது, கல் இல்லாத கனமான செயினுக்கும் வளையலுக்கும் லாபம். கல் நகை என்றால், முலாம் பூசும் கரைசலில் முக்குவதற்கு முன் கல்லைக் கழற்றி மாட்டுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே முக்குவதானால் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் வளையங்களை வெளிச்சத்தில் பாருங்கள்: தேய்ந்து கம்பி மெலிந்திருந்தால், புது முலாம் போட்ட கொஞ்ச நாளிலேயே செயின் அறும்.