கரண்டே இல்லாத மெஷினை 'செக்' பண்ணி 145,000 ரூபா வாங்கின கதை

இன்றைக்கு மத்தியானம்தான் எல்லாம் முழுசாக விளங்கியது, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு மொத்த விற்பனைக் கொம்பனியில் ஒபிஸ் பொறுப்பு என்னுடையது. இங்கே 14 கொம்பியூட்டர், கல்முனை ஸ்டோரில் 7, அக்கரைப்பற்றில் 6, எல்லாம் ஒரே டொமைனில், அதாவது ஒரு சேவரில் இருந்தே எல்லாக் கணக்கையும் மெஷினையும் நடத்துகிற ஏற்பாட்டில். எங்களுக்குச் சாமான் தருகிற கொழும்புக் கொம்பனி, தங்களுடைய ஓர்டர் சிஸ்டத்தில் எங்களைச் சேர்க்க முன்னால் ஒரு லிஸ்ட் கேட்டது: எந்த மெஷினில் யார் யாருக்கு அட்மின் அதிகாரம், அதாவது எதையும் போட, மாற்ற முழு அதிகாரம், இருக்கிறது என்று. நியாயமான கேள்விதான். பில் அடிக்கிற பிள்ளைக்கு அட்மின் அதிகாரம் இருந்தால், அவள் தெரியாமல் திறக்கிற வைரஸுக்கும் அதே அதிகாரம்தான்.

நெட்வேர்க், சிசிடிவி, சேவர் எல்லாம் பார்க்கிற இடம் ஒன்றைப் பிடித்தோம். பேர் போடவில்லை, கேட்காதீர்கள். 27 மெஷினுக்கும் சேர்த்து 145,000 ரூபா, அதில் 75,000 முற்பணம்.

வந்த பொடியன் நல்ல மரியாதைக்காரன். என்னுடைய மெஷினில் கறுப்பு ஜன்னலைத் திறந்து 'நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று அடித்தான், அந்த மெஷினின் அட்மின் குரூப்பில் இருக்கிறவர்களைக் காட்டுகிற கட்டளை அது. மூன்று பேர் வந்தது. மூன்றாவது பேரில் விரலை வைத்து, "சேர், இவர் இன்னும் இஞ்ச வேலை செய்றாரா?" என்று கேட்டான். அது எங்கள் பழைய காசாளர், கட்டாருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது! எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நான் விழுந்தது அந்த இடத்தில்தான். பிளேன்டீ வரவழைத்து, முதலாளிக்குப் போன் எடுத்து "சரியான ஆக்கள்" என்று சொல்லி, டொமைன் அட்மின் பாஸ்வேர்டைத் துண்டுக் கடதாசியில் எழுதி என் கையாலேயே கொடுத்தேன்.

பத்து நாளில் ஸ்பைரல் போட்ட ரிப்போர்ட் வந்தது, மெஷினுக்கு ஒரு பக்கம், எல்லாவற்றிலும் 'சரி'. மிச்சம் 70,000 ரூபாவையும் அன்றைக்கே கொடுத்தேன். கல்முனைப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அங்கே ஸ்டோர் பார்க்கிற தம்பிக்கு அனுப்பினேன். அவன்தான் திருப்பிக் கேட்டான், "அண்ணன், மூணாவது மெஷின் தைப்பொங்கலுக்கு முதலே பவர் சப்ளை எரிஞ்சு மூலையில கிடக்கு, அதை எப்படி செக் பண்ணின?"

ஒலுவில் யுனிவர்சிட்டியில் படிக்கிற அக்காவின் மகன் போயா லீவுக்கு வந்திருந்தான், அவனை ஒபிஸுக்குக் கூட்டிப் போனேன். ஒரு மணித்தியாலம் போகவில்லை. "மாமா, இவங்க சேவர்ல இருந்து மெஷின் பேர் லிஸ்ட்டை எடுத்து அதுக்கு நேரா ஒரே ரெண்டு பேரைப் போட்டிருக்காங்க" என்றான். எரிந்த மெஷினின் பேர் டொமைனில் அழிக்கப்படாமல் கிடந்திருக்கிறது, அதனால் அதற்கும் ஒரு பக்கம். இங்கேயே இரண்டு மெஷினில் அட்மின் குரூப்புக்குள் 'டொமைன் யூசர்ஸ்' இருந்தது, அதாவது டொமைனில் கணக்கு இருக்கிற எல்லோரும் அந்த மெஷினில் அட்மின். ஒன்றில் எஸ்-1-5-21 என்று தொடங்குகிற நீள எண், எப்போதோ அழித்த கணக்கின் மிச்சமாம். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை.

அதைவிட மோசம், 14 மெஷினிலும் 'சப்போர்ட்' என்று ஒரு புதுக் கணக்கு அட்மினாக நின்றது. மெஷினில் நடக்கிறதைப் பதிந்து வைக்கிற செக்யூரிட்டி லொக்கில் 4732 என்ற எண்ணைத் தேடிக் காட்டினான், அட்மின் குரூப்பில் ஆளைச் சேர்த்தால் விழுகிற பதிவு அது. திகதி அந்தப் பொடியன் வந்த திகதி. யார் அதிகாரத்தோடு நிற்கிறார்கள் என்று பார்க்க 145,000 ரூபா கொடுத்தோம், அவர்களே உள்ளே ஏறி நின்றுவிட்டார்கள்.

போன் எடுத்தேன். முதல் நாள், "பொடியன் லீவு சேர், வந்ததும் எடுப்பான்." அடுத்த நாள், "அவர் கொழும்புக்குப் போயிட்டார்." மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். கடைசியில் நேரே போனேன். பிளாஸ்டிக் கதிரையில் முக்கால் மணித்தியாலம் இருத்திவிட்டு, உரிமையாளர் சொன்னது: "நீங்க லிஸ்ட்தானே கேட்டீங்க, லிஸ்ட் தந்தம். அந்தக் கணக்கு உங்கட நன்மைக்கு, அதை அழிச்சா நாங்க பொறுப்பில்ல." எரிந்த மெஷினைப் பற்றிக் கேட்டேன். "டைப்பிங் மிஸ்டேக்." முழுப் பக்கமுமா ஐயா டைப்பிங் மிஸ்டேக்?

145,000. வவுச்சரில் என் கையெழுத்து. முதலாளி ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை, "சரி பார்ப்பம்" என்று மட்டும் சொன்னார்.

இப்படி வேலை கொடுக்கிறவர்களுக்கு விவரமாகப் புத்தி சொல்லத்தான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. பாஸ்வேர்டைக் கடதாசியில் கொடுக்காதீர்கள், அவர்களுக்கென்று தற்காலிகக் கணக்கு போட்டு வேலை முடிந்த அன்றே மூடுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் எடுத்த லிஸ்டைத் திகதி, நேரத்தோடு கேளுங்கள், குரூப்புக்குள் இருக்கிற குரூப்பையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லா மெஷினிலும் லோக்கல் அட்மின் (அந்தந்த மெஷினுக்குள்ளேயே இருக்கிற அட்மின் கணக்கு) பாஸ்வேர்ட் ஒன்றா என்று பாருங்கள், எங்களுடையது ஒன்றேதான், ஒன்று போனால் 27-உம் போகும். மருமகன் சொல்கிறான், அதை மெஷினுக்கு மெஷின் தானாக மாற்றுகிற லாப்ஸ் 2023 ஏப்ரல் அப்டேட்டோடு விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டதாம். அந்த ஆட்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டொமைன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். இங்கேயும் கல்முனையிலும் 'சப்போர்ட்'டை அழித்தாயிற்று. அக்கரைப்பற்றில் ஆறு மெஷின் இன்னும் இருக்கிறது, நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன்.