தரைப்பாலம் எதற்கு என்று கேட்காமல் வீடு வாங்கினேன்

நத்தம் ரோட்டுப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற ரோடுகளில் பார்ப்பவர்களும் படிக்கலாம், ஆள்தான் வேறு, வேலை ஒன்றுதான். விற்றவர் பெயரை எழுதவில்லை. வழக்கு நடக்கும்போது எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

சிம்மக்கல்லில் 11 வருஷம் வாடகைக்கு இருந்தோம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும் என்றார். எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே வீடு பார்க்கிற வேலைதான். அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் விலையைக் கேட்டதும் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தோம். அவனியாபுரம் மனைவிக்குத் தூரம், அவள் வேலை பார்க்கும் பள்ளி தல்லாகுளத்தில். திருநகரைத் தாண்டி ஒரு பழைய வீடு அமைந்தது. வாசலில் வேப்ப மரம், கிணற்றில் குடிக்கிற மாதிரித் தண்ணீர். சுவர் பழசாக இருக்கிறது என்று நான்தான் தட்டிக் கழித்தேன். அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார், சொல்லட்டும்.

அப்புறம்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "மாட்டுத்தாவணிக்குப் பக்கம், தல்லாகுளத்துக்குப் பத்தே நிமிடம்." 2023-இல் திறந்த பறக்கும் பாலத்தைக் காட்டித்தான் இந்தப் பக்கம் எல்லாரும் விற்கிறார்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், தல்லாகுளத்தில் ஏறினால் செட்டிகுளத்தில் இறங்கலாம். ஏறுகிற இடமும் குளம், இறங்குகிற இடமும் குளம். பீபிகுளம், ஆலங்குளம், கோசாகுளம், ஊமச்சிகுளம் என்று பேர் வைத்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை.

2024 பங்குனியில் போய்ப் பார்த்தோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர். முதலில் ஒரு பெரிய லேஅவுட், அதில் நாற்பது வீடு வரை வந்துவிட்டது, பூங்காகூட இருந்தது. அதை ஒட்டி ஒரு துண்டில் ஏழு வீடு, எல்லாம் ஒரே அச்சு. அதில் ஒன்றுதான் எங்களுக்குக் காட்டிய வீடு. மூன்று சென்ட் மனை, கீழே ஒரு படுக்கையறை, மேலே ஒன்று, 58 லட்சம்.

அந்த ஏழு வீட்டுக்கும் போகிற தார் ரோட்டில், நட்ட நடுவில், ஒரு சின்னத் தரைப்பாலம். இரண்டு சிமென்ட் குழாய் புதைத்து, மேலே தார் போட்டு, இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்த கைப்பிடிச் சுவர். கீழே பொட்டுத் தண்ணீர் கிடையாது. சீமைக்கருவேலமும் கொஞ்சம் நாணலும் நின்றன. பத்துத் தடவையாவது அதன் மேல் வண்டியில் போய் வந்திருப்பேன். என் மகன் ஒருநாள் அந்தச் சுவரில் உட்கார்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டான். காய்ந்த தரையில் பாலத்தை எதற்குக் கட்டினார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

விற்க வந்த தம்பி நல்ல பேச்சுக்காரர். என்னை அண்ணே என்பார், அம்மாவைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். "அப்ரூவல் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். வழவழப்பான பிரசுரத்தில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் நகர் ஊரமைப்புத் துறையின் டிடிசிபி எண்ணையும், வீடு மனை விற்பனையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் ரெரா எண்ணையும் விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டு எண்ணும் உண்மைதான், ஆனால் முன்னால் இருந்த பெரிய லேஅவுட்டுக்கு வாங்கியவை. எங்கள் துண்டின் சர்வே எண்ணே வேறு. பிரசுரத்தையும் பத்திர நகலையும் பக்கத்தில் வைத்து சர்வே எண்ணை ஒப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த வேலையை நான் செய்தது குடி வந்து இரண்டு மாதம் கழித்து.

அங்கீகாரம் இல்லாத மனை எப்படிப் பத்திரமானது என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக் கூடாது என்று 2016-இல் தடை வந்தது. ஆனால் 2016 அக்டோபர் 20-க்கு முன்பே ஒருமுறை வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடி கைமாற்றலாம். அந்தத் துண்டில் அப்படி யார் யாரோ வாங்கிப் போட்டிருந்த பழைய மனைகளைத் திரும்ப வாங்கித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். அதை 2017-இல் வந்த திட்டத்தில் வரன்முறைப்படுத்தியிருக்க வேண்டும். அது நடக்கவே இல்லை. பத்திரம் பதிந்ததை அங்கீகாரம் என்று நினைத்துக்கொண்டது என் தவறு.

எச்சரிக்கையே வரவில்லை என்று சொல்ல முடியாது. எனக்குச் சம்பளம் வரும் அரசு வங்கியில் கடனுக்குக் கொடுத்தேன். அவர்கள் வக்கீல் பைலைத் திருப்பி அனுப்பி, வரன்முறை ஆணையும் வீட்டு வரைபட அனுமதியும் கேட்டார். தம்பியிடம் சொன்னேன். "கவர்ன்மென்ட் பேங்க்ல எப்பவுமே இழுத்தடிப்பாங்கண்ணே. நம்ம பைனான்ஸ் ஆள் இருக்காரு, ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேன்." சொன்ன மாதிரியே ஒரு வாரத்தில் முடித்தார், வட்டி மட்டும் ஒன்றரை சதவீதம் கூட. திருப்பி அனுப்பிய அந்த வக்கீலை நான் அன்றைக்குத் திட்டினேன். காசு வாங்காமல் எனக்கு நல்லது சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பத்திரத்திலும் ஒரு வேலை இருக்கிறது. மனைக்கு மட்டும் அரசு வைத்த வழிகாட்டி மதிப்பில் பத்திரம், வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதில் மிச்சம் பிடிக்கலாம் என்றார்கள். எனக்கும் ஆசை வந்தது. அதோடு 4 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது கிடையாது. இப்போது "நான் மனைதான் விற்றேன், வீட்டைக் கட்டியவர் வேறு" என்று நான் அனுப்பிய வக்கீல் நோட்டீசுக்கு விற்றவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவருடைய மைத்துனர்.

தண்ணீர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்க்கப் போன அன்று தம்பி குழாயைத் திறந்து, "குடிச்சுப் பாருங்கம்மா" என்று அம்மாவிடம் டம்ளரை நீட்டினார். இனிப்பாகத்தான் இருந்தது. மாடித் தொட்டியில் லாரித் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள். ஆவணியில் பால் காய்ச்சிக் குடி வந்த மூன்றாம் நாள் போர் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் ஒன்பது விசில் வந்தும் முழுசாகக் கிடந்தது. குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "இங்க எல்லாருக்கும் உப்புதான் சார், ஒங்களுக்குச் சொல்லலையா?" என்றார். அந்தப் பக்கத்து வீட்டுக் கதவை வாங்குவதற்கு முன்னால் நான் தட்டியதே இல்லை. வெயில் காலத்தில் வாரம் ஒரு லாரி வாங்குகிறோம். ரோட்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்காததால் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் போட முடியாது என்கிறார்கள்.

உப்புத் தண்ணீரோடுகூடக் காலம் தள்ளிவிடலாம். 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை, மதுரையில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர், பந்தல்குடி வாய்க்கால் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான் நின்றது, ராத்திரியே வடிந்துவிட்டது. நல்ல இடமாகத்தான் வாங்கியிருக்கிறோம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில். துணி காயப் போட்டிருந்தோம். பத்து மணிக்கு மேல் தரைப்பாலத்துப் பக்கம் ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் வருகிறது, மழையே இல்லாமல். மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்திருக்கிறது. அடுத்த கண்மாய்க்குப் போகிற ஓடையில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு குழாயும் அவ்வளவு தண்ணீரை எப்படி வாங்கும்? முதலில் ரோடு மறைந்தது. மதியத்துக்குள் வாசல் படி இரண்டும் மூழ்கிவிட்டன. செப்டிக் டேங்க் நிறைந்து கழிவறை வழியாகத் திரும்பி மேலே வந்தது. அந்த நாற்றத்தை எழுதத் தெரியவில்லை. அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் மாடியிலேயே அடுப்பு. நாலாம் நாள் இறங்கியபோது ஹால் சுவரில் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு. இரண்டு தடவை வெள்ளையடித்தும் தெரிகிறது.

அந்த வாரம்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேடினேன். பட்டா, நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படம், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு மூன்றையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், செலவு கிடையாது. நான் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்தவன். அவை இரண்டும் என் மனையைப் பற்றித்தான் சொல்லும், பக்கத்து நிலம் என்ன என்பதைச் சொல்லாது. புலப்படத்தில் என் சர்வே எண்ணை ஒட்டி, நீளமாகப் பாம்பு மாதிரி ஒரு துண்டு தனி எண்ணில் போகிறது. அ-பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டால் அரசு புறம்போக்கு, ஓடை என்று வருகிறது. எங்கள் தார் ரோடு அந்த ஓடையின் மேல்தான் போட்டிருக்கிறது. என் வீடு பட்டா நிலத்தில்தான் நிற்கிறது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழி ஓடை, காம்பவுண்ட் சுவரிலும் இரண்டடி ஓடைக்குள்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்தோம், ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து. சர்வேயர் வந்து அளந்தார். அளந்ததில் எங்களுக்கே நோட்டீஸ் வந்தது, ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி. நியாயம்தான், தண்ணீருக்கு வழி வேண்டும். ரோட்டை எடுத்துவிட்டால் ஏழு குடும்பமும் எந்த வழியாகப் போகும் என்பதுதான் இப்போது வழக்கு. வீட்டை விற்கலாம் என்று ஒரு புரோக்கரைக் கூப்பிட்டேன். தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார். தொழில் தெரிந்தவர்.

அதே ஆட்கள் இப்போது வேறொரு ரோட்டில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள், பெயரை மட்டும் மாற்றி. போன மாதம் போய்ப் பார்த்தேன். ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது, கூடவே பாட்டி. அதே தம்பி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறினாலும் "வாங்கண்ணே" என்றார். அந்தக் குடும்பத்துக்காரரைத் தனியே கூப்பிட்டு, சர்வே எண்ணை வாங்கி அ-பதிவேட்டில் பக்கத்து எண்களையும் சேர்த்துப் பாருங்கள், ஐப்பசி கார்த்திகையில் ஒருதடவை வந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள் என்றேன். "அதுக்குள்ள வித்துரும்னு சொல்றாங்களே சார்" என்றார். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

ஐப்பசி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பத்திரங்கள், பிள்ளைகள் சான்றிதழ், பிரிட்ஜ் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியாயிற்று. அம்மாவின் கட்டில்தான் படியில் திரும்ப மாட்டேன் என்கிறது. நாளைக்கு ஆசாரி வந்து கட்டிலின் காலை அறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.