விண்டோஸ் 11-இன் ‘ரீசெட் திஸ் பிசி’: வைத்திருப்பவருக்குப் போதும், விற்பவருக்குப் போதாது

பழைய மடிக்கணினியை விற்கவோ உறவுக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கவோ முடிவெடுத்தவர், அதிலுள்ளதையெல்லாம் அழித்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்கே அதைக் கொண்டுபோகும் வழியைத்தான் முதலில் தேடுவார். விண்டோஸில் அந்த வழி உள்ளேயே இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது ‘ரெஃப்ரெஷ்’, ‘ரீசெட்’ என்று இரண்டாக அறிமுகமாகி, விண்டோஸ் 10-இல் ஒன்றாக்கப்பட்ட இந்த வசதி, விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்ற வரிசையில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்ற பெயரில் கிடைக்கிறது. இதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி வைத்திருக்கவும் தேவையில்லை.

உள்ளே நுழைந்ததும், கோப்புகளை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் நீக்குவதா என்று அது கேட்கிறது. மெதுவாகிப்போன கணினியைச் சரிசெய்துகொள்ள விரும்புபவருக்கு முதல் தேர்வு உண்மையிலேயே நல்லது. ஆவணங்களும் படங்களும் அப்படியே இருக்க, பின்னால் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் நீங்குகின்றன. நீங்கியவற்றின் பட்டியலையும் டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகிறது. தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டச்சுக்காக நிறுவிய என்.எச்.எம். ரைட்டர் போன்றவையும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் இந்தச் சுத்திகரிப்பில் போய்விடும் என்பதால், யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய காலத்துக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும். முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

அடுத்து, விண்டோஸைக் கணினியில் இருப்பதிலிருந்தே மீண்டும் நிறுவுவதா, இணையத்திலிருந்து இறக்குவதா என்ற கேள்வி. இணையவழி 2020-இல் சேர்க்கப்பட்டது. 4 ஜி.பி.க்கு மேல் இறங்கக்கூடும் என்பதால் கைப்பேசி டேட்டாவை நம்பித் தொடங்க வேண்டாம். சிஸ்டம் கோப்புகளே கெட்டுப்போயிருக்கின்றன என்ற சந்தேகம் இருந்தால் ஒழிய, முதல் வழியே போதும்.

என் குறை எல்லாம் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்ற இரண்டாவது தேர்வின் மீதுதான். எல்லாவற்றையும் நீக்கு என்று சொன்ன பிறகும், நாமாக மாற்றாதவரை, அது விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டுமே தொடுகிறது. நம்மூரில் வன்தட்டை சி, டி என்று பிரித்து, கல்யாண ஃபோட்டோ முதல் வருமான வரிக் கணக்கு வரை டி டிரைவில் போட்டு வைப்பவர்கள் ஏராளம். அவை அத்தனையும் அப்படியே புது உரிமையாளரின் கைக்குப் போகும். நீக்கிய டிரைவிலும், கோப்பு இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, உள்ளடக்கம் உடனே அழிக்கப்படுவதில்லை. ஆகவே, அந்தத் திரையில் சிறிய எழுத்தில் இருக்கும் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்பதைத் தட்டி, பழைய உள்ளடக்கத்தை மீட்பது கடினமாகும்படி அழிக்கும் ‘க்ளீன் டேட்டா’வையும், எல்லா டிரைவ்களிலும் நீக்கும் தேர்வையும் ‘யெஸ்’ ஆக்கியே தீர வேண்டும். விற்பவருக்கு மிகவும் தேவையான இரண்டு தேர்வுகளை இப்படி ஒளித்து வைத்ததற்கு நியாயமே இல்லை.

‘க்ளீன் டேட்டா’ சில மணி நேரம் எடுக்கலாம். மின்னிணைப்பைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள். அதுவும் வீட்டு உபயோகத்துக்கானதுதான், அரசு மற்றும் தொழில்துறைத் தரங்களை எட்டாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அலுவலகக் கணினியாக இருந்தாலோ, எஸ்.எஸ்.டி. (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வகை) என்பதால் தரவு முழுமையாக அழிந்ததா என்ற ஐயம் இருந்தாலோ, டெல், எச்.பி., திங்க்பேட் ஆகியவற்றின் பல மாடல்களில் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கும் முழு அழிப்பு வசதி இதைவிட நம்பகமானது. ஆப்பிள் இந்த விஷயத்தில் முந்திவிட்டது: மேக் இயங்குதளத்தின் 2021 மான்டரே பதிப்பிலிருந்து, டி2 பாதுகாப்புச் சில்லு அல்லது ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக்குகள், தரவைப் பூட்டியிருக்கும் சாவியையே அழித்துவிடுவதால் வேலை சில நிமிடங்களில் முடிகிறது.

மைக்ரோசாஃப்ட்டின் வசதி தடுக்கி விழுந்ததும் உண்டு. 2022-இன் தொடக்கத்தில், எல்லாவற்றையும் நீக்கச் சொன்ன பிறகும் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுடன் இணைந்திருந்த கோப்புகள் சில கணினிகளில் மிஞ்சியிருந்தன; 2025 ஆகஸ்ட் மாதப் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸ் 10-இலும் விண்டோஸ் 11-இன் முந்தைய பதிப்புகளிலும் ரீசெட்டே தோற்றுப்போய், அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. முடிந்ததும் எல்லா டிரைவ்களையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்வது அதனால்தான்.

தொடங்குவதற்கு முன் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். மீட்புத் திரைவழியாகப் போக நேர்ந்தால் அதைக் கேட்கக்கூடும். கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காக நீங்கள் உள்நுழைந்திருந்தால் மீண்டும் ஒருமுறை ரீசெட் செய்து, நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரை வந்ததும் அணைத்துக் கொடுங்கள்.