கார்ஃபாக்ஸ், ஆட்டோசெக், என்எம்விடிஐஎஸ்: அறிக்கையில் பிழை இருந்தால் திருத்துவது யார்?

அமெரிக்காவில் பழைய கார் வாங்கப் போகும் எவரும், வண்டியைப் பார்க்கும் முன்பே அதன் வரலாற்று அறிக்கையைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. கார்ஃபாக்ஸ், ஆட்டோசெக், என்எம்விடிஐஎஸ் என்ற மூன்றில் எந்த அறிக்கை துல்லியமானது என்றுதான் பெரும்பாலோர் ஒப்பிடுகிறார்கள். அந்தக் கேள்வி போதாது என்பது என் கருத்து. அறிக்கைப் பிழைகள் இரண்டு வகைப்படும்: நடக்காததை நடந்ததாகச் சொல்வது ஒன்று, நடந்ததைச் சொல்லாமல் விடுவது மற்றொன்று. முதல் வகையில் விற்பவர் நஷ்டப்படுகிறார்; இரண்டாவதில் வாங்குபவர் ஏமாறுகிறார். ஆகவே யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தரவரிசையே மாறிவிடும்.

மூன்றுக்கும் தகவல் வரும் வழிகள் வேறு வேறு. 1984இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் தொடங்கிய கார்ஃபாக்ஸ், மாநில வாகனப் பதிவுத் துறைகள், காவல்துறை விபத்துப் பதிவுகள், சர்வீஸ் நிலையங்கள் எனப் பல இடங்களிலிருந்து திரட்டுகிறது. ஆயில் மாற்றிய தேதிகூட அதில் கிடைக்கும். கடன் மதிப்பீட்டுக்குப் பெயர்பெற்ற எக்ஸ்பீரியன் நிறுவனத்தின் ஆட்டோசெக், டீலர்கள் வாங்கி விற்கும் ஏலக்கூடங்களின் தகவல்களில் வலுவானது; வண்டிக்கு ஒரு மதிப்பெண்ணும் தருகிறது. என்எம்விடிஐஎஸ் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிறந்த அரசுத் தரவுத்தளம்; மத்திய நீதித்துறையின் மேற்பார்வையில் இயங்குகிறது. காப்பீட்டு நிறுவனங்களும் உடைப்புக் கூடங்களும் தங்களிடம் வரும் வண்டிகளின் விவரத்தை மாதந்தோறும் இதற்கு அளிக்க வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். இதில் டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரம், அதன் மேலுள்ள சால்வேஜ் (பெரிதும் சேதமடைந்தது) போன்ற முத்திரைகள், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எண், வண்டி சரிசெய்யத் தகாதது என்று காப்பீட்டு நிறுவனம் தரும் முழு நஷ்ட அறிவிப்பு, உடைப்புக்குப் போன வரலாறு ஆகியவை மட்டுமே இருக்கும். பழுதுபார்த்த விவரத்தை இதில் தேடக் கூடாது.

நடக்காததைச் சொல்லும் பிழை எவ்வளவு எளிதாக நுழைகிறது என்பதை என் காரிலேயே கண்டேன். ஆயில் மாற்றிய கடையில் 41,260 மைல் என்பதை 91,260 என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். கண்ணாடியின் மூலையில் அவர்கள் ஒட்டிய சிறு ஸ்டிக்கரில், அடுத்த ஆயில் 46,260இல் என்று சரியாகவே எழுதியிருந்தது. ஆறு மாதம் கழித்து வேறொரு கடை 45,900 என்று பதிவு செய்ததும், ஓடோமீட்டரைப் பின்னோக்கித் திருப்பிய வண்டிக்கு வரும் எச்சரிக்கை என் காரின் மீது விழுந்தது. ஆண்டுதோறும் 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான ஓடோமீட்டர் எண்ணுடன் விற்கப்படுவதாக மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே மதிப்பிட்டிருப்பதால், அந்த எச்சரிக்கையைப் பார்த்து ஒதுங்குபவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு இலக்கம் பிசகியதற்காக நேர்மையான வண்டி மோசடி வண்டியாகிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் இருந்த இந்தப் பிழை, மற்றொன்றின் அறிக்கையில் இல்லவே இல்லை. அந்தக் கடையின் பதிவு அவர்களுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

திருத்தம் என்று வரும்போது மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: தகவல் தந்தவர் திருத்தினால்தான் அறிக்கை திருந்தும். தனியார் நிறுவனங்கள் இரண்டிடமும் முறையிடலாம். பில், புகைப்படம், கடையின் கடிதம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு மூலத்திடம் விசாரிப்பார்கள். என்எம்விடிஐஎஸ்ஸிலோ நாம் நேராக மாநில வாகனத் துறையையோ காப்பீட்டு நிறுவனத்தையோதான் அணுக வேண்டும். மெதுவான வழி என்றாலும், அங்கே யார் பொறுப்பு என்பதாவது தெளிவாக இருக்கிறது. என்னை உறுத்துவது வேறொன்று. நம் கடன் அறிக்கையில் பிழை இருந்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும் என்று சட்டம் எக்ஸ்பீரியனைக் கட்டாயப்படுத்துகிறது. அந்தச் சட்டம் தனிமனிதரைப் பற்றிய தகவலுக்கானது. காரைப் பற்றிய அறிக்கைக்கு அந்தக் காப்பு கிடையாது. பல்லாயிரம் டாலர் பெறுமான சொத்தின் விலையைத் தீர்மானிக்கும் தாளுக்கும் அதே உரிமை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சொல்லாமல் விடும் பிழையில் நிலைமை இன்னும் கடினம். 2005இல் கத்ரீனா, 2017இல் ஹார்வி போன்ற புயல்களுக்குப் பிறகு வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல மாநிலங்களுக்குப் பரவின. ஒரு மாநிலத்தில் விழுந்த முத்திரை, வேறொரு மாநிலத்தில் மறுபதிவு செய்யும்போது காணாமல் போவதை டைட்டில் சலவை என்பார்கள். இதைப் பிடிப்பதற்கென்றே அமைந்தது என்எம்விடிஐஎஸ். கலிஃபோர்னியாவில் 2012 ஜூலை முதல் டீலர்கள் அந்த அறிக்கையைப் பார்த்தே தீர வேண்டும்; முத்திரை இருந்தால் வண்டியில் சிவப்பு எச்சரிக்கை ஒட்ட வேண்டும். ஆனால் முழுக் காப்பீடு இல்லாத ஒருவர், மூழ்கிய காரைத் தானே காயவைத்து விற்றால், நஷ்டம் அறிவிக்கக் காப்பீட்டு நிறுவனமே இல்லை. மூன்று அறிக்கைகளும் சுத்தமாகவே வரும். காவல்துறைக்குச் சொல்லாமல் கைக்காசு போட்டுச் சரிசெய்த விபத்தும் அப்படித்தான்.

அறிக்கை தவறினால் காரைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கார்ஃபாக்ஸும் ஆட்டோசெக்கும் தரும் உறுதிமொழியை இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும். மாநிலம் வழங்கிய டைட்டில் முத்திரையை அறிக்கை தவறவிட்டிருந்தால்தான் அது செல்லும். விடுபட்ட விபத்துக்குச் செல்லாது.

வாங்குபவராக இருந்தால், விலை குறைவான என்எம்விடிஐஎஸ் அறிக்கையை முதலில் எடுத்து முத்திரை இருக்கும் வண்டிகளைக் கழித்துவிடுவேன். எஞ்சும் ஒன்றிரண்டுக்கு மட்டும், அன்றாடப் பராமரிப்பு தெரிவதற்காகக் கார்ஃபாக்ஸ் எடுப்பேன். ஏலத்தில் பலமுறை கைமாறிய வண்டி என்று தோன்றினால் ஆட்டோசெக்கையே தேர்ந்தெடுப்பேன். அதன் பிறகு, டீலருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்வேன். விற்பவராக இருந்தால், விளம்பரம் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே தனியார் அறிக்கைகள் இரண்டையும் எடுத்துப் பார்த்துவிடுவேன். வாங்க வந்தவர் எதிரே நிற்கும்போது தொடங்கும் திருத்தம் அவர் போவதற்குள் முடிந்துவிடாது. இருவருமே, பேரம் முடிந்த நாளில் அறிக்கையின் பிரதி ஒன்றைத் தேதியுடன் சேமித்து வைக்க வேண்டும். அறிக்கை நாளுக்கு நாள் மாறக்கூடியது. பின்னர் வழக்கு என்று வந்தால், அன்று அதில் என்ன இருந்தது என்பதைக் காட்ட அந்தப் பிரதி தேவைப்படும்.